ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேருமா?

முதலில் கண்டுபிடித்தவர் முதலாளிதான். நான் மாஸ்டராக இருக்கும் பிரியாணிக் கடையில் தம் உடைத்ததும் முதல் தட்டு அவருக்குப் போகும். மாசி மாதம் ஒரு நாள், இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏப்பா மாஸ்டர், இதத் தின்னு பாத்தியா நீ?"

"பாத்தேண்ணே."

"பாத்துமா இப்படி? உப்பளத்துல போட்டுப் பெரட்டி எடுத்தாப்புல இருக்கு."

நான் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டேன். சரியாக இருந்தது. இன்னொரு பிடி போட்டேன். அதுவும் சரியாகத்தான் இருந்தது. பக்கத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டேன். என்னைவிட மூத்தவர், கடை திறந்த காலத்திலிருந்து எங்களோடு இருக்கிறவர். நாலு பருக்கையை நாக்கில் வைத்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தண்ணீர்ச் செம்பைத் தேடினார். அந்தச் செம்பை அவர் அண்ணாந்து குடிப்பதைப் பார்த்தபடி நின்றேன்.

சமையல்காரனுக்குக் கை முடியாமல் போனால் பக்கத்தில் ஆளை வைத்துக் கிண்டச் சொல்லலாம். நாக்கு போனால் என்ன செய்வது? நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வேறு தொழில் தெரியாது. திண்டுக்கல்லில் பிரியாணிக் கடைக்குப் பஞ்சமும் இல்லை. ஒரு நாள் உப்பு கரித்தால் சாப்பிட வந்தவர் மறுநாள் எதிர்க் கடையில் உட்கார்ந்திருப்பார்.

உடம்பு அதற்கு முன்பே சரியில்லைதான். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோயை நினைத்து வைத்திருந்தேன். முகம் வீங்கினால் கிட்னி. விறகடுப்புக்கு முன்னால் நிற்கும்போதே குளிர்ந்தால் மலேரியா. குரல் தடித்தபோது தொண்டையில் கட்டி என்றே முடிவு செய்து, டிபன் பாக்ஸ் மூடியில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தைராய்டு மட்டும் நினைவுக்கு வரவில்லை. அது பெண்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன்.

என் மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். "ஏங்க, மூஞ்சி உப்பிக் கெடக்குறதப் பாத்துட்டு, ஒங்க வீட்டுக்காரரு குடிக்கிறாரான்னு பக்கத்து வீட்ல கேக்குறாங்க. குடிச்சாலாவது சொல்லிக்கலாம். கெளம்புங்க டாக்டர்ட்ட."

டவுனுக்குள் இருக்கும் ஒரு லேடி டாக்டர். ரத்தம் எடுக்கச் சொல்லி, மறுநாள் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஒங்க ஒடம்புல இருக்குற எதிர்ப்புச் சக்தியே தைராய்டை எதிரின்னு நெனச்சு அடிக்குது. ஹாஷிமோட்டோன்னு பேரு. நெறையப் பேருக்கு இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல."

பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே வரும். என் உடம்பு என்னையே ஏன் அடிக்க வேண்டும்? அடிக்கிற பக்கம் நானா, அடி வாங்குகிற பக்கம் நானா? தாளில் டிஎஸ்எச் என்ற இடத்தில் நாற்பதுக்கு மேல் ஒரு எண் தடித்த கறுப்பில் அச்சாகியிருந்தது. நாலரைக்குள் இருக்க வேண்டுமாம்.

"இம்புட்டு கூடவா சொரக்குது?" என்று கேட்டேன்.

"இல்லங்க, கம்மியா சொரக்குது. அதனாலதான் நம்பர் கூட. மூளை தைராய்டைப் பாத்து வேலை செய், வேலை செய்னு கத்தும். அது செய்யலேன்னா இன்னும் சத்தமா கத்தும். இந்த நம்பர் அந்தச் சத்தம்."

கல்லாவிலிருந்து முதலாளி "பிரியாணி என்னாச்சு" என்று கத்துவதை நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் புரிந்தது. வீட்டுக்கு வருவதற்குள் மறுபடியும் குழம்பிவிட்டது. நம்பர் ஏறினால் சுரப்பி இறங்கியிருக்கிறது, நம்பர் இறங்கினால் சுரப்பி ஏறியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இப்படி மார்க் போட்டிருந்தால் நான் பத்தாவது வரை போயிருப்பேன்.

டாக்டர் சொன்ன விதிகள் சுருக்கமானவை. எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. தண்ணீர் மட்டும். அதன்பின் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, டீயும் கூடாது. ஒன்றரை மாதம் கழித்து மறுபடி ரத்தம். ஐம்பது மைக்ரோகிராமில் ஆரம்பித்தார்.

நான் அதைச் சாமி காரியம் போலச் செய்தேன். விடிவதற்கு வெகு முன்பே எழுந்து மாத்திரையை விழுங்கி, ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு, டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவேன். வழியில் இருபது வருசமாக டீ குடித்த கடையை நிற்காமல் தாண்டினேன். டீ மாஸ்டர் பாய்லருக்குப் பின்னாலிருந்து குரல் கொடுப்பார். "என்ன மாஸ்டர், பிரியாணிக்காரருக்கு நம்ம டீ கசக்குதோ?" கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவேன்.

கடையில் இறங்கியதும் வேலைதான். தயிர்ப் பானையைத் திறந்து புளிப்புப் பார்க்க வேண்டும். தயிரின் புளிப்பைப் பொறுத்துத்தான் எலுமிச்சம்பழம் எத்தனை என்று முடிவாகும். பிறகு இஞ்சி பூண்டு அரைத்த விழுது. பிறகு கறி. துண்டு வெந்ததா என்று விரலால் நசுக்கிப் பார்த்தால் மட்டும் போதாது, பல்லுக்குத் தெரிய வேண்டும். கடைசியில் கறியும் மசாலாவும் சேர்ந்து கொதிக்கும் உலைத் தண்ணீர். சீரகச் சம்பாவைக் கொட்டுவதற்கு முன் அந்தத் தண்ணீரில் உப்பு ஒரு கல் தூக்கலாக நிற்க வேண்டும். அரிசி குடித்துவிடும். கரண்டியால் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்போம். துப்பும் வழக்கம் கிடையாது. அடுப்புக்கு முன்னால் நின்று சோற்றைத் துப்பினால் எனக்கு வேலை பழக்கியவர் கரண்டியாலேயே அடித்திருப்பார்.

மருந்து எடுத்தும் நாக்கு திரும்பவில்லை. ஒரு கரண்டி நக்கினால் ஒன்றும் தெரியாது. இரண்டாவது கரண்டி. கறித் துண்டு ஒன்று போதாமல் இன்னொன்று. தயிரைக் குழிக்கரண்டி நிறைய எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு குடித்துப் பார்ப்பேன். நாக்கு மங்க மங்க நான் பார்க்கும் ருசி கூடிக்கொண்டே போனது. அக்கா வெங்காயக் கூடைக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, அண்டாவுல பாதிய நீயே பாத்துருவ போலருக்கு?" என்பார்.

ஒன்றரை மாதம் கழித்து ரத்தம் கொடுத்தேன். நம்பர் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. எழுபத்தைந்து ஆக்கினார். அடுத்த ஒன்றரை மாதம். அப்போதும் பெரிதாக மாற்றமில்லை. நூறு. ஆவணியில் நூற்று இருபத்தைந்து. ஒவ்வொரு முறையும் டாக்டர் கேட்பார், "மாத்திரைய ஒழுங்கா போடுறீங்களா?" என் மனைவி எனக்கு முன்னால் பதில் சொல்வாள், "நான் கண்ணால பாக்குறேன் டாக்டர். டீயக்கூட விட்டுட்டாரு." இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம், வயிற்றுப்புண் மருந்து ஏதாவது உண்டா என்பார். எதுவும் இல்லை. டாக்டர் தாளைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி தாளைப் பார்ப்பார். எனக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்து, சொல்லாமல் மறைக்கிறாரோ என்று தோன்றும்.

கடையில் அக்காவும் முதலாளியும் மாறி மாறிச் சொல்லித் திருத்தி எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தோம். அப்போது புரட்டாசி வந்தது.

புரட்டாசி எங்கள் தொழிலுக்கு மழைக்காலம் மாதிரி. பாதி ஊர் கறி தின்னாது. முதலாளி அந்த மாதத்தில் அண்டாக்களுக்கு ஈயம் பூசக் கொடுத்து, அடுப்பை இடித்துக் கட்டி, சுவருக்கு வெள்ளையடித்து எல்லாவற்றையும் முடித்துக்கொள்வார். எனக்கு லீவு. வீட்டில் மாத்திரையைப் போட்டுவிட்டுப் பாயிலேயே கிடந்தேன்.

இரண்டு வாரம் போனதும் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே படியேறி வந்தவன் போல அடித்தது. கை நடுங்கி டம்ளர் தளும்பியது. வேர்த்துக் கொட்டியது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. எதைத் தின்றாலும் உப்பாகத் தெரிந்தது. ரசத்தைக் குடித்துவிட்டு, "என்ன இம்புட்டு உப்பப் போட்டு வச்சிருக்க?" என்று கத்தினேன்.

"எட்டு மாசமா எதப் போட்டாலும் வாயத் தொறக்காம தின்னீங்க. இப்ப மட்டும் நாக்கு வந்துருச்சாக்கும்?" என்றாள்.

அவள் கோபத்தில் சொன்னது உண்மை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. நாக்கு வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டியவன், ஹார்ட் போகிறது என்று பயந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பதும், பிறகு அவள் கையை இழுத்து வைத்துக்கொள்வதுமாக இருந்தேன்.

மாதக் கடைசியில் மறுபடி டாக்டர். இசிஜி எடுத்தார்கள், இருதயத்தில் கோளாறு இல்லை. ரத்தத்தில் டிஎஸ்எச் அடியோடு கீழே போயிருந்தது, பூஜ்யம் போட்டுப் புள்ளி வைத்த ஒரு எண்.

"மருந்து அதிகமாயிருச்சு. கொறைக்கணும்" என்றார் டாக்டர்.

"அதே மாத்திரைதான் டாக்டர். அதே ஆளு, அதே வாயி. ஆவணில பத்தல, புரட்டாசில அதிகமா?"

"ஹாஷிமோட்டோவுல சில சமயம் இப்படி ஏறி எறங்கும். பாப்போம்." எழுபத்தைந்துக்கு இறக்கினார்.

பாப்போம் என்ற சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து அதையே நினைத்துக் கிடந்தேன். புரட்டாசியில் நான் என்ன மாற்றிச் செய்தேன்? கறி தின்னவில்லை. அதுதான் என்று எனக்குப் பட்டது. ஆட்டுக்கறிக்கும் இந்த மாத்திரைக்கும் ஆகாது போல. எனவே ஐப்பசியில் கடைக்குத் திரும்பியபோது ஒரு முடிவோடு போனேன். பிரியாணி சாப்பிடுவதில்லை. ருசி மட்டும் பார்ப்பது. முதலாளி மதியம் தட்டு போட்டுக் கொடுத்தபோதும் வேண்டாம் என்றேன். என் மனைவி சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னாள், "பிரியாணி மாஸ்டரா இருந்துக்கிட்டு ஒரு பருக்க தொடுறதில்ல."

தீபாவளி நன்றாகவே போனது. கார்த்திகை பிறந்ததும் மறுபடி முகம் வீங்கியது, தூக்கம் அமுக்கியது, உப்பு தெரியாமல் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு அண்டா கரித்துவிட்டது. கூட்டமாக வந்த ஒரு குடும்பம் பாதியில் எழுந்து போனது.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டு உட்கார வைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஒம்மேல எனக்குக் கோவமில்லப்பா. ஒடம்புக்கு முடியலன்னா நீ என்ன செய்வ? ஆனா மாட்டுப் பொங்கலுக்கு ஊரே கறி திங்கும். அன்னைக்கி இப்படி ஆச்சுன்னா நான் கடையப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். அதுவரைக்கும் பாக்குறேன். சரியா வரலேன்னா ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு மாஸ்டர் இருக்காரு, அவர வரச் சொல்லுறேன். நீ கூடமாட இரு."

கூடமாட இரு. அந்த வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது. கூடமாட இருக்கிறவன் விறகு தள்ளுவான், அரிசி களைவான். அண்டா பக்கம் நாக்கை நீட்ட அவனுக்கு உரிமை கிடையாது.

அந்த வாரமே ரத்தம் கொடுத்தேன். நம்பர் திரும்பவும் இருபதைத் தாண்டியிருந்தது. டாக்டர் பழைய தாள்களையெல்லாம் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"புரட்டாசில மட்டும் மாத்திரை வேலை செஞ்சிருக்கு. அப்ப என்ன பண்ணீங்க?"

"கறி திங்கல டாக்டர். இப்பவும் திங்கல."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. சும்மா வீட்ல கெடந்தேன். கடைக்குப் போகல, அண்டாப் பக்கமே போகல."

"அண்டாவா?" அவர் நிமிர்ந்தார். "ஹோட்டல்ல வேலைன்னுதான சொன்னீங்க? சப்ளையர்னு நெனச்சேன். நீங்க சமைக்கிறீங்களா?"

"மாஸ்டர் டாக்டர். பிரியாணி மாஸ்டர்."

"காலையில மாத்திரை போட்டதுல இருந்து என்னென்ன செய்வீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். தயிர், விழுது, கறி, உலைத் தண்ணீர். தெரியவில்லை என்றால் மறுபடி தயிர், மறுபடி கறி. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் மாத்திரை போட்டு எம்புட்டு நேரத்துல?"

"அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளதான். ஆனா நான் எதுவும் சாப்பிடல டாக்டர். ருசிதான் பாத்தேன்."

என் மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "அதான் கடையில இருந்து வந்தா பசியே இல்லம்பீங்களா?"

டாக்டர் வந்த சிரிப்பை மறைத்துக்கொண்டார். வாய்க்கு அது ருசி, வயிற்றுக்கு அது சாப்பாடு என்றார். தயிரோடு போனால் மருந்து உடம்பில் சரியாகச் சேராதாம். சேராததால் நாக்கு மங்கியது, மங்கியதால் இன்னும் தின்றேன், தின்றதால் இன்னும் சேரவில்லை. லீவில் முழுசாகச் சேர்ந்தபோது நெஞ்சு அடித்தது. அவர் விரலால் மேசையில் வட்டம் போட்டுக் காட்டினார். எனக்கு அந்த வட்டம் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. முப்பது வருசமாக நான் அடுப்பில் தின்றதைச் சாப்பாடு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. விரத நாளில்கூட ருசி பார்த்திருக்கிறேன். அப்போது அந்த விரதமெல்லாம் என்ன கணக்கு?

"ருசி பாத்துட்டுத் துப்பிரலாமே?" என்றார்.

"அடுப்பு முன்னாடி எப்படி டாக்டர் துப்புறது?"

"சரி, ராத்திரி போடுங்க. சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சு."

"நான் சாப்பிட்ட கையோட படுத்துருவேன் டாக்டர். வெள்ளன எந்திரிக்கணும்."

"அப்ப ஒண்ணுதான். அந்த ஒரு மணி நேரம் ஒங்களுக்குப் பதிலா வேற யாராவது ருசி பாக்கட்டும். டோஸ் இதே இருக்கட்டும். ஒன்றரை மாசம் கழிச்சு வாங்க."

வேறு யாரைக் கேட்பது? அக்காவிடம் போய் நின்றேன்.

"கண்ணுதான் வெங்காயத்துலயே போச்சு. நாக்கையும் கேக்குறியா?" என்றார். ஆனால் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

அந்த ஒன்றரை மாதத்தில் நான் பட்ட பாடு. பழக்கத்தில் கை கரண்டியோடு வாய்க்குப் போய்விடும். துண்டை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். அக்கா உள்ளங்கையில் வாங்கி நக்கிவிட்டுச் சொல்வார், "கம்மி."

"எம்புட்டு கம்மிக்கா?"

"கம்மின்னா கம்மி."

"ஒரு கல்லா, ஒரு பிடியா?"

"அத நான் எப்பிடிப்பா சொல்லுறது? கஞ்சிக்குப் பத்தும், கொழம்புக்குப் பத்தாது."

அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு உப்பு போடப் பழகினேன். ரசத்துக்குப் பத்தும் என்றால் இவ்வளவு, ஊறுகாய் மாதிரி இருக்கு என்றால் கொஞ்சம் வெந்நீர். சில நாள் தப்பியது, பல நாள் தப்பவில்லை. முதலாளி கவனித்துக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ரத்தம் கொடுத்தேன். டாக்டர் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "பாத்தீங்களா, உள்ள வந்துருச்சு." நாலுக்குக் கீழே ஒரு எண், தடித்த கறுப்பில் இல்லாமல் சாதாரணமாக இருந்தது. என் மனைவி கும்பிட்டாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. புரட்டாசியிலும் நம்பர் இறங்கத்தானே செய்தது?

"இது நெசமான நம்பரா டாக்டர்? இன்னும் எறங்கிருமா?"

"அதுக்குத்தான் மறுபடி பாக்கணும். எல்லாம் சரியா இருந்தா கொஞ்ச நாளுக்கு ஒருக்கா பாத்தா போதும். மாத்திரையும் டெஸ்ட்டும் கூடவே வரும், விட்டுறாதீங்க."

மாட்டுப் பொங்கல் அன்று மூன்று அண்டா. அன்று வழக்கத்தைவிட முன்பே மாத்திரை போட்டிருந்ததால், முதல் அண்டாவின் உலைத் தண்ணீர் கொதிக்கும்போது என்னுடைய ஒரு மணி நேரம் முடிந்திருந்தது. துண்டை அவிழ்த்தேன். அக்கா முதலில் பார்த்தார். "சரியா இருக்கு."

நான் கரண்டித் தண்ணீரை உள்ளங்கையில் விட்டு நக்கினேன். ஒரே ஒரு தடவை. நாக்கின் ஓரத்தில் உப்பு தெரிந்தது, காரம் தெரிந்தது, எலுமிச்சைக்குப் பின்னால் தயிரும் தெரிந்தது. ஆனால் உப்பு ஒரு கல் குறைவு.

கை நின்றுவிட்டது. நோயாளி நாக்கும் போன வருசம் இதையேதான் சொன்னது, குறைவு, குறைவு என்று. இப்போது பேசுவது அந்த நாக்கா, பழைய நாக்கா? அக்கா குழம்பை ருசி பார்க்கிற மாதிரிப் பார்க்கிறார். அரிசி குடிக்கப் போகிற உப்பு அவர் கணக்கில் வராது. அப்படியானால் நான் சொல்வது சரி. ஆனால் அவர் கணக்கில் இத்தனை நாள் பிரியாணி நன்றாகத்தானே வந்தது? இல்லை, அவர் சொன்னதற்கு மேல் நான் கொஞ்சம் கூட்டித்தானே போட்டேன்? கூட்டினேனா? சத்தியமாக நினைவில் இல்லை.

"என்னப்பா, அரிசி ஊறிக் கொழஞ்சிரும். போடுறியா, நாள் பாக்கணுமா?"

நினைத்ததில் பாதி உப்பை அள்ளிப் போட்டுவிட்டு அரிசியைக் கொட்டினேன்.

அன்று முதலாளிக்கு உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை. தெரு வரை ஆள் நின்றது. நான் கழுவப் போகும் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எலும்பு மட்டும் கிடக்கிறதா, சோறும் கிடக்கிறதா? ஒரு தட்டில் சோறு கிடந்தது. எடுத்து வந்தவரைப் பிடித்துக் கேட்டேன். சின்னப் பிள்ளை தின்ற தட்டு என்றார் சப்ளையர். உப்பு கேட்டு யாரும் ஆள் விடவில்லை. கேட்கக் கூச்சப்பட்டுச் சும்மா தின்கிறார்களோ என்றும் தோன்றியது.

முதலாளி வியர்வையோடு உள்ளே வந்தார்.

"அண்ணே, உப்பு?"

"உப்புக்கென்ன?"

"அந்த ரெட்டியார்சத்திரத்து மாஸ்டர்ட்ட சொல்லி வச்சிருந்தீங்களே..."

"அவருக்கு எதுக்குப்பா இங்க வேல? மொத அண்டா அடி தட்டுது, அடுத்தத எறக்குவியா, நின்னு கத பேசுவியா?"

அவர் போய்விட்டார். காப்பாற்றியது என் நாக்கா, அக்காவின் நாக்கா, நான் பயந்து போட்ட அந்தப் பாதி உப்பா என்று கேட்க ஆள் இல்லை. மூன்றாவது அண்டாவின் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. கரண்டியில் அள்ளி உள்ளங்கையில் விட்டு நக்கினேன். சரியாக இருந்த மாதிரி இருந்தது.

"அக்கா, செத்த வந்து பாத்துட்டுப் போங்க" என்றேன்.